சந்தா கட்டுவதற்கு முன் ஒரு சொல்லைத் தேடிப் பார்க்கட்டும்

திருவனந்தபுரத்தில் கணினிப் பிரிவைக் கவனிக்கும் இளம் நூலகர் ஒருவர் எந்தத் தொழில்முறைச் சங்கத்தில் சேரலாம் என்று மூத்தவர்களைக் கேட்டால், கிடைக்கும் விடை பெரும்பாலும் ஒன்றுதான்: "எல்லாவற்றிலும் சேர்ந்து வையுங்கள், பின்னால் பயன்படும்." 1933-இல் கல்கத்தாவில் தோன்றிய இந்திய நூலகச் சங்கத்தில் ஆயுள் உறுப்பினர், 1955-இல் அதே நகரில் தோன்றிய ஐயாஸ்லிக்கில் ஆயுள் உறுப்பினர், மாநிலச் சங்கத்தில் இன்னொன்று, கையில் மிச்சம் இருந்தால் டாலர் கட்டி அமெரிக்கச் சங்கம் ஒன்று. தன்விவரக் குறிப்பில் நான்கு வரிகள் நிறைந்துவிடும். ஒப்பந்த ஊதியத்தில் காலம் தள்ளுகிற ஒருவருக்கு இந்த நான்கு வரிகளின் விலை சிறியதன்று. விலையைக் காட்டிலும் பெரிய குறை, இந்த அறிவுரையில் ஒரு கேள்வியே இல்லை என்பது. அந்தச் சங்கங்கள் என்ன செய்கின்றன என்று கேட்பவரும் இல்லை, சொல்பவரும் இல்லை.

கேட்காமற்போனதற்குக் காரணம் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2010 விதிமுறைகள் கல்விப் பணியாளரின் பதவி உயர்வைப் புள்ளிக் கணக்கில் கட்டிவைத்தன. கருத்தரங்கில் கட்டுரை படித்தால் இத்தனை, தொகுப்பில் அச்சானால் இத்தனை. பின்வந்த திருத்தங்கள் கணக்கை மாற்றினவே ஒழிய, அது விதைத்த பழக்கத்தை மாற்றவில்லை. சான்றிதழ் நாணயமாகிவிட்ட இடத்தில் சங்கம் நாணயச் சாலையாவது இயல்பு. ஆண்டுக்கு ஒரு கருத்தரங்கு, குத்துவிளக்கு, வாழ்த்துரை, "மின்னணு யுகத்தில் நூலகங்கள்" என்னும் தலைப்பைச் சற்றே திருப்பிப் போட்ட இன்னொரு தலைப்பு, மதிய உணவுக்குப் பின் இணை அமர்வுகளில் ஆளுக்கு ஏழு நிமிடம், மாலையில் கையொப்பமிட்ட தாள். தொழில்நுட்பம் என்னும் சொல் அழைப்பிதழில் மூன்று முறை வரும். கலைந்து செல்லும்போது எந்த நூலகத்தின் எந்தக் கணினியிலும் ஒரு பிழைகூடத் திருத்தப்பட்டிருக்காது.

சங்கம் என்றாலே இப்படித்தான் என்று சலித்துக்கொள்பவர்களுக்குத் தமிழ்நாட்டின் நினைவு குறைவு. சென்னை நூலகச் சங்கம் 1928-இல் தொடங்கியது. அதன் செயலாளர் கணக்கு ஆசிரியராக இருந்து, நான்கு ஆண்டுகளுக்கு முன்புதான் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான சீர்காழி இராமாமிருத ரங்கநாதன். தொடங்கிய மறு ஆண்டே அச்சங்கம் நூலகர்களுக்குக் கோடைக்காலப் பயிற்சிப் பள்ளி நடத்தியது. 1931-இல் பல்கலைக்கழகமே அப்பள்ளியை ஏற்றுக்கொண்டது. உலகெங்கும் நூலகவியல் மாணவர் இன்றும் படிக்கிற ஐந்து விதிகளைக் கூறும் நூலை அதே 1931-இல் வெளியிட்டது எந்தப் பெரிய பதிப்பகமும் அன்று, இந்தச் சங்கமே. அந்த ஆண்டு அக்டோபரில் மன்னார்குடிப் பகுதியில் கனகசபைப் பிள்ளை என்பவரின் முயற்சியால் மாட்டுவண்டி நூலகம் ஊர் ஊராகப் புறப்பட்டது. அன்றைய தஞ்சை வட்டாரத்தின் உயர் தொழில்நுட்பம் எது என்று கேட்டால் அந்த வண்டியைத்தான் காட்ட வேண்டும்: இருந்த சாலைக்கு ஏற்ற சக்கரம், இருந்த வாசகருக்கு ஏற்ற நூல். இருபது ஆண்டு விடாத வாதாட்டத்தின் முடிவில் 1948-இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. பள்ளி, நூல், வண்டி, சட்டம் எனச் சங்கத்துக்கு வெளியே நிற்கக்கூடிய பொருள்கள் அந்த இருபது ஆண்டுகளின் விளைச்சல். சான்றிதழ் அவற்றுள் ஒன்றாக இருந்திருக்கலாம், முதன்மையானதாக இல்லை.

பழைய சென்னை வரை போகவும் தேவையில்லை. திருவனந்தபுரத்திலேயே ஒரு சான்று உண்டு. நாகர்கோவில் வடசேரியில் பிறந்த வ. அய். சுப்பிரமணியம் கேரளப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் துறையை 1963-இல் தொடங்கினார். 1971-இல் திராவிட மொழியியற் கழகத்தை உருவாக்கினார். மறு ஆண்டே அதன் ஆய்விதழ் வெளிவரத் தொடங்கியது. 1977-இல் பன்னாட்டுத் திராவிட மொழியியல் பள்ளி எழுந்தது. கோட்டாற்றுத் தமிழும் நெடுமங்காட்டு மலையாளமும் தெலுங்கும் கன்னடமும் எழுத்தே இல்லாத மலைமொழிகளும் ஒரே மேசையில் வைத்துப் பேசப்பட்டன. மொழியியலார் ஒருவர் அக்கழகத்துக்குச் சந்தா கட்டினால் என்ன கிடைத்தது என்பதற்கு விடை, படிக்கத்தக்க ஓர் இதழ். அதே ஊரின் நூலகர், தாம் கட்டும் சந்தாவுக்கு அப்படி ஒரு பொருளைச் சுட்ட முடியுமா?

கேரளத்தின் நூலக வரலாற்றை அறிந்தவர் இங்கே குறுக்கிடுவார். பி. என். பணிக்கர் 1945-இல் அம்பலப்புழையில் 47 நூலகங்களைக் கூட்டித் தொடங்கிய கிரந்தசாலா சங்கம் இந்தியாவிலேயே பெரிய நூலக இயக்கமாக வளர்ந்ததே, யுனெஸ்கோவின் குருப்ஸ்காயா விருது பெற்றதே, 1989-இல் தனிச் சட்டமே பெற்றதே என்பார். உண்மைதான், அந்த இயக்கத்தின் பெருமையை யாரும் குறைக்க வேண்டியதில்லை. ஆனால் அது வாசகர்களின், ஊர்களின் சங்கம். வட்டம், மாவட்டம், மாநிலம் என்று தேர்தலால் அமையும் அதன் அவைகள் நூலகங்களின் பேரால் பேசுகின்றன. ஊர் நூலகத்தில் விளக்கேற்றிப் பூட்டுகிறவர் மதிப்பூதியம் வாங்குகிற ஓர் ஊர்க்காரர். 1829-இல் தோன்றி இன்று பாளையத்தில் உள்ள மாநில மைய நூலகத்திலோ பல்கலைக்கழக நூலகத்திலோ தரவுத்தளத்தைப் பராமரிப்பவரின் சிக்கலை அந்த இயக்கம் தீர்க்கும் என்று எதிர்பார்ப்பது, கூத்தம்பலத்தைக் கட்டிய தச்சரிடம் கூத்து ஆடச் சொல்வது போன்றது.

அந்தச் சிக்கல் எது? இதைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும், ஏனெனில் கருத்தரங்க அழைப்பிதழ்களில் இது வருவதில்லை.

திருவனந்தபுரத்தின் பெரிய நூலகங்களில் மலையாளம், ஆங்கிலம், தமிழ், இந்தி, சமஸ்கிருதம் என ஐந்து மொழி நூல்கள் ஒரே கூரையின்கீழ் இருக்கின்றன. வாசகர் ஒருவர் திரையில் "ஸ்ரீ" என்று தொடங்கும் ஒரு தலைப்பைத் தமிழில் தட்டுகிறார் என்று கொள்வோம். நூல் அலமாரியில் இருக்கிறது. திரையோ இல்லை என்கிறது. காரணம், கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் அந்த எழுத்துக்கு யூனிக்கோடில் இரண்டு பிறப்பிடங்கள் உண்டு. பலரும் ஸகரத்தைக் கொண்டு அதை எழுதுகிறார்கள். 2005-இல் வந்த பதிப்பில் வடமொழித் தாலவிய ஒலிக்கென்று ஶகரம் தனியே சேர்க்கப்பட்ட பின், சில விசைப்பலகைகள் அதைக் கொண்டு எழுதுகின்றன. பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவமாகவே தோன்றும். கணினிக்கு அவை வெவ்வேறு சொற்கள். "ஔவையார்" என்பதும் அப்படியே: ஒரு பதிவர் ஔகாரத்தை இட்டிருப்பார், இன்னொருவர் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டியிருப்பார். திரையைப் பார்த்து யாரும் குறை காண முடியாது. ஔவை மட்டும் இரண்டாகப் பிளந்து நிற்பார்.

மலையாளத்தின் நிலை இதைவிடக் கடினம். சொல்லின் இறுதியில் உயிரின்றி நிற்கும் ன, ர, ல, ள போன்றவற்றுக்கு மலையாளத்தில் சில்லெழுத்து என்று தனி வடிவம் உண்டு. தொடக்கத்தில் யூனிக்கோடு அதை மெய்யெழுத்து, சந்திரக்கலை, கண்ணுக்குப் புலப்படாத ஓர் இணைப்புக் குறி என மூன்றின் கோவையாக எழுதச் சொன்னது. 2008-இல் 5.1-ஆம் பதிப்பு சில்லுகளுக்குத் தனித்தனி இடம் கொடுத்தது. பழைய கோவையும் புதிய எழுத்தும் ஒன்றே என்று தரவிதி சொல்லவில்லை. ஆகவே 2008-க்கு முன் உள்ளிட்ட பதிவும் பின் உள்ளிட்ட பதிவும் ஒரே ஆசிரியரை இரு ஆட்களாகக் காட்டும். பல தேடுபொறிகள் அந்த இணைப்புக் குறியைப் பொருளற்றது என்று கருதிக் கழித்துவிடும்; கழித்தபின் அது மூன்றாவது ஆளாகிவிடும். மலையாளப் பெயர்ச்சொற்களில் எத்தனை ஆண்பால் பெயர்கள் னகரச் சில்லில் முடிகின்றன என்று எண்ணிப் பார்த்தால், இந்தப் பிளவின் பரப்பு விளங்கும்.

இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. கேரளத்தின் பல நூலகங்கள் பயன்படுத்தும் கோஹா மென்பொருளின் தேடற்பகுதியில் இருவகை அமைப்புகள் உண்டு. இந்திய எழுத்துகளுக்கு ஏற்றது ஐ.சி.யூ. எனப்படுவது. அதில் "இதைக் கண்டால் அதுவாகக் கொள்" என்னும் மாற்று விதிகளை எழுதலாம். இரு ஸ்ரீயை ஒன்றாக்க ஒரு வரி. ஔவையைச் சேர்க்க இன்னொரு வரி. அதிலும் ஒகரத்தை அடுத்து ளகரம் இயல்பாகவே வரும் "ஒளி" போன்ற சொற்கள் கெடாதபடி பார்த்து எழுத வேண்டும், அதற்கு மொழி தெரிந்தவர் அருகில் இருக்க வேண்டும். சில்லுகளுக்கு ஐந்தாறு வரிகள். எழுதிய பின் மறு அட்டவணையாக்கம் ஓர் இரவு ஓடும். ஒரு நூலகர் இதைத் தனியே செய்தால் அவர் நூலகம் மட்டும் தேறும். அவர் மாற்றலாகிப் போனதும் அடுத்த மேம்பாட்டில் அந்த வரிகள் அழிந்தும் போகும். நூறு நூலகங்களுக்கும் பொதுவான ஒரு விதிக்கோப்பைப் பேணி, ஆண்டுதோறும் சோதித்து, வெளியிட்டு, "எங்கள் உறுப்பு நூலகங்கள் இதைப் பின்பற்றுகின்றன" என்று அறிவிக்க ஓர் அமைப்பு தேவை. தொழில்நுட்ப நூலகருக்குச் சங்கம் எதற்கு என்ற கேள்விக்குப் புலப்படும் விடை இதுவே. இதைச் செய்யாத சங்கம் வேறு எதைச் செய்தாலும் அது அவருடைய சங்கம் அன்று.

பெயர்க் கோவை இன்னொரு வயல். முதலெழுத்தும் பெயருமாக வாழும் தமிழருக்குக் குடும்பப்பெயர் ஏது? ரங்கநாதன் என்ற பெயரைப் பின்னால் இருப்பதாலேயே குடும்பப்பெயராக்கி, ஊரையும் தந்தையையும் முன்பெயராக்கிய அட்டைகள் உலகெங்கும் உள்ளன. பட்டியலாக்கத்தின் பேராசானுக்கே இந்த நிலை. மலையாளத்தில் முன்னெழுத்து வீட்டுப்பெயராக இருக்கக்கூடும். இருமொழிக்கும் பொதுவான ஆசிரியர் பெயர்க் கோப்பு ஒன்று திருவனந்தபுரத்தில்தான் இயல்பாகப் பிறந்திருக்க வேண்டும்.

இந்த ஊருக்கு இதில் சாக்குச் சொல்லவும் இடமில்லை. இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2001 ஜூலையில் ரிச்சர்டு ஸ்டால்மன் வர இங்கேதான் தொடங்கப்பட்டது. கேரளப் பள்ளிகள் கட்டற்ற இயங்குதளத்துக்கு மாறின. 1971-இல் அரசு தட்டச்சுப் பொறிக்காக மலையாள எழுத்தைச் சிதைத்துச் "சீர்திருத்தியதை" எதிர்த்து, முழுத் தொகுதியையும் கணினியில் மீட்போம் என்று ரசனா இயக்கம் 1999-இல் புறப்பட்டது. அதன் எழுத்துருவை வரைந்த கே. எச். உசைன் பீச்சி கேரள வன ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றியவர். சுதந்திர மலையாளக் கம்ப்யூட்டிங் குழுவினர் சில்லெழுத்து விவகாரத்தில் யூனிக்கோடு அமைப்போடு பக்கம் பக்கமாக வாதிட்டார்கள். தமிழ்ப் பக்கத்தில் உத்தமம் அமைப்பு 2000 முதல் இயங்குகிறது. இந்த வரலாற்றைப் புரட்டினால் கண்ணில் படுபவை எழுத்துரு வடிவமைப்பாளர், நிரலாளர், மொழியியலார் ஆகியோரின் பெயர்கள். இலட்சக்கணக்கான பதிவுகளைக் கையில் வைத்திருந்த நூலகர்களின் சங்கங்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும். யாருடைய வீட்டில் தீப்பிடித்ததோ அவர்கள் திண்ணையில் உட்கார்ந்திருக்க, அடுத்த தெருக்காரர்கள் குடம் சுமந்த கதை இது.

இதைக் கேட்டதும் எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொரு குரல் எழும்: "அப்படியானால் சங்கமே எதற்கு? மின்னஞ்சல் குழு போதும். நிரல் எழுதத் தெரிந்தவன் எவனோ அவனே உறுப்பினன்." இளையவர்களிடம் இந்தக் குரல் கவர்ச்சியானது. அமெரிக்க நூலக நிரலாளர்களின் கோட்4லிப் குழு 2003-இல் ஒரு மின்னஞ்சல் பட்டியலாகத் தொடங்கி, உறுப்பினர் கட்டணம் இல்லாமலேயே மாநாடு நடத்தும் அளவுக்கு வளர்ந்தது. மறுபுறம், அமெரிக்க நூலகச் சங்கத்தின் தொழில்நுட்பப் பிரிவு 1966-இல் தோன்றி, நெடுங்காலம் தனிக்கொடி பிடித்து, 2020-இல் வேறு இரண்டு பிரிவுகளோடு கலந்து "கோர்" என்னும் புதுப்பெயரில் கரைந்தது. பார்த்தீர்களா, தொழில்நுட்பத்துக்கென்று தனிச் சங்கம் அங்கேயே தேறவில்லை என்பார்கள்.

கோஹாவின் கதையை முழுவதும் சொல்லாமல் இந்த வாதத்தை வைக்கக் கூடாது. நியூசிலாந்தின் ஹோரோபெனுவா என்னும் சிற்றூர்ப் பகுதி நூலகம், 2000-ஆம் ஆண்டு பிறந்தால் தன் பழைய மென்பொருள் கவிழ்ந்துவிடும் என்று அஞ்சி 1999-இல் எழுதுவித்ததுதான் அது. எழுதியதைக் கட்டற்ற உரிமத்தில் உலகுக்குக் கொடுத்தார்கள். மாவோரி மொழியில் கோஹா என்றால் கொடை. திரும்பச் செய்ய வேண்டும் என்னும் எதிர்பார்ப்பு உள்ளே பொதிந்த கொடை. தமிழில் அதற்கு அகராதி தேட வேண்டாம், மொய் என்ற சொல் இருக்கிறது. எழுதிவைத்த மொய்க்கு ஒருநாள் எழுதித் தீர வேண்டும் என்பது மதுரைப் பக்கத்துக் குழந்தைக்கும் தெரியும். இருபதாண்டுக்கு மேலாகக் கேரள நூலகங்கள் அந்தப் பந்தியில் உண்டு எழுகின்றன. மொய்ப் பணமாக ஒரு மலையாள விதிக்கோப்பு, ஒரு தமிழ் விதிக்கோப்பு, சங்கத்தின் பேரால் எழுதப்பட்டிருக்கிறதா? தனி மனிதர்கள் சிலர் எழுதியிருக்கிறார்கள், அவர்களுக்கு வணக்கம்.

கதையின் பிற்பகுதி இன்னும் முக்கியம். ஓர் அமெரிக்க நிறுவனம் அந்தப் பெயரை நியூசிலாந்தில் தன் வணிகச் சின்னமாகப் பதிவுசெய்ய விண்ணப்பித்தது. உலகெங்கும் நிரல் எழுதிய நூற்றுக்கணக்கானவர்களுள் எவரும் தனியாக அதை எதிர்த்து வழக்காடியிருக்க முடியாது. மின்னஞ்சல் பட்டியலுக்குச் சட்டத்தின் கண்ணில் உடல் இல்லை. உடலுள்ள ஒன்று இருந்தது, அந்தச் சிற்றூர் நூலக அறக்கட்டளை. சமூகம் பணம் திரட்டிக் கொடுக்க, அறக்கட்டளை எதிர்த்து நின்றது. 2013 இறுதியில் நிறுவனத்தின் விண்ணப்பம் தள்ளப்பட்டது. நிரல் எழுதத் தெரிந்தால் போதும் என்பவர்கள் இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும். பதிவு எண், வங்கிக் கணக்கு, கையொப்பமிடும் செயலாளர் ஆகிய சலிப்பூட்டும் உறுப்புகள்தாம் அன்று பெயரைக் காத்தன. ஊதிய வேறுபாடு, தொழில்நுட்பப் பணிக்குத் தனிப் பதவி, ஆறு மாத ஒப்பந்தங்களின் தொடர் நீட்டிப்பு ஆகியவற்றை அரசிடம் எழுப்பவும் அந்த உறுப்புகளே வேண்டும். கோட்4லிப் குழுவில் சிறந்த விடை எழுதியவருக்குத் தலைமைச் செயலகத்தில் நாற்காலி போட மாட்டார்கள்.

ஆகவே, "எல்லாவற்றிலும் சேர்" என்னும் மூத்தோரும் "எதிலும் சேராதே" என்னும் இளையோரும் ஒரே தவற்றைத்தான் செய்கிறார்கள். இருவருமே சங்கத்தைக் கடையாகக் கருதி, பொருள் பிடித்ததா இல்லையா என்று பார்க்கிறார்கள். அகில இந்தியச் சங்கத்தின் ஆயுள் உறுப்பினர் அட்டையை வாங்க விரும்புவோர் வாங்கட்டும். அது தீங்கில்லாத ஆசை. டாலர்ச் சந்தா, அந்த ஆய்விதழை உண்மையில் படிப்பவருக்கு மட்டும் தகும். திருவனந்தபுரத்தின் தொழில்நுட்ப நூலகர் தம் சந்தாவையும் சண்டையையும் வைக்க வேண்டிய இடம் மாநிலச் சங்கம்; உழைப்பை வைக்க வேண்டிய இடம் மலையாள, தமிழ்க் கணிமைக் குழுக்கள். இரண்டுக்கும் நடுவே கதவு திறக்க வைப்பது அவர் பொறுப்பு. அழைக்காமல் யாரும் திறக்கப்போவதில்லை.

சந்தாப் படிவத்தை நீட்டுகிறவரிடம் கேட்க வேண்டியவை கடினமானவை அல்ல. சென்ற ஆண்டு சங்கம் வெளியிட்டவற்றுள் கருத்தரங்கத் தொகுப்பு நீங்கலாக ஒரு நூலகம் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய பொருள் எது? எழுத்துத் தரவுக்கென்று நிலையான துணைக்குழு உண்டா, அதில் மொழி தெரிந்தவர் எத்தனை பேர், தமிழ் தெரிந்தவர் ஒருவராவது உண்டா? கோஹா சமூகத்தில் சங்கத்தின் பேரால் பதிவான பிழையறிக்கை ஒன்றின் எண் என்ன? விடை வராவிட்டால் படிவத்தைக் கிழிக்க வேண்டாம். கட்டணத்தைக் கட்டிவிட்டு, அடுத்த பொதுக்குழுவின் நிகழ்ச்சிநிரலில் இம்மூன்றையும் எழுத்து வடிவில் சேர்க்கக் கோரலாம். பொதுக்குழுவுக்குப் போகும்போது மடிக்கணினியையும் கொண்டுபோகட்டும். சங்கத் தலைவர் எந்த நூலகத்தில் பணியாற்றுகிறாரோ அந்த நூலகத்தின் இணையப் பட்டியலைத் திறந்து, மேடைக்கு முன்னால், ஔவையாரை ஒரு முறை ஔகாரத்திலும் ஒரு முறை ஒகரமும் ளகரமுமாகவும் தேடிக் காட்டட்டும். எத்தனை நூல்கள் எந்தப் பக்கம் நிற்கின்றன என்பதைக் குறிப்பேட்டில் பதிவுசெய்யும்படி செயலாளரைக் கேட்கட்டும்.